பழைய டயல்-அப் மோடத்துக்கு எந்த லைன் ஏற்றது?

பரணிலிருந்து இறக்கிய பழைய கம்ப்யூட்டரோடு ஃபோன் லைன் வழியே டேட்டாவை ஒலியாக்கி அனுப்பும் ஒரு டயல்-அப் மோடமும் கிடைத்திருக்கிறது, அதை மறுபடி பேச வைக்க முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. பெட்டியில் 56கே (விநாடிக்கு 56 கிலோபிட்) என்று போட்டிருக்கிறது, ஆனால் 26,400 பிட்டுக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறதே, மோடம் பழுதா? ஃபைபர் கனெக்‌ஷனோடு வைத்த பெட்டியில் ஃபோன் சொருகும் துளை இருக்கிறது, அதில் மாட்டலாமா? லேண்ட்லைனே இல்லாத வீட்டில் என்ன செய்வது? இவர்களோடு இன்னொரு கூட்டமும் உண்டு. பழைய அலாரம் பேனல், அளவீடுகளைப் பதிந்து வைக்கும் டேட்டா லாகர், அலுவலக உள் எக்ஸ்சேஞ்சான இபிஏபிஎக்ஸ் போன்ற கருவிகளில் வெளியே பேச மோடம் மட்டுமே வழி என்பதால் அதை எப்படியாவது காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள்.

எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது, இன்னொரு மோடம் வாங்கப் போகாதீர்கள் என்பதுதான். நல்ல நிலையில் உள்ள 33.6 கிலோபிட் மோடம் தன்னால் முடிந்ததை ஒழுங்காகச் செய்கிறது. வேகத்தை முடிவு செய்வது இரண்டு மோடங்களுக்கும் நடுவே உள்ள பாதை. அந்தப் பாதையில் ஒலி எத்தனை முறை எண்ணாக மாறுகிறது, எந்த இடத்தில் மாறுகிறது, இரண்டு முனைகளின் கடிகாரமும் ஒன்றாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டால் எந்த வழி எவ்வளவு தரும் என்று வாங்கும் முன்பே கணக்குப் போட்டுவிடலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் பார்க்கும் அளவுகோல்கள் இவை. முதலாவது, எட்டும் வேகம். அதைவிட முக்கியம், அந்த வேகம் அரை மணி நேரம் அறுந்துபோகாமல் நிற்குமா என்பது. இரண்டாவது, மறுமுனையில் யார் எடுப்பார்கள்? மோடம் என்பது தனியாக இயங்கும் பொருள் இல்லை. அழைப்பை எடுக்க இன்னொரு மோடம் வேண்டும். மூன்றாவது, இணையும்போது மோடங்கள் எழுப்பும் அந்த ஒலியும், வேகத்தை முடிவு செய்ய அவை நடத்தும் பேச்சுவார்த்தையும் உண்மையிலேயே நடக்க வேண்டுமா, அல்லது பழைய கம்ப்யூட்டரில் எழுத்து ஓடினால் போதுமா? நான்காவது செலவு, அதில் வாங்கும் விலையைவிட மின்சாரம், இடம், தேடி அலையும் நேரம் ஆகியவைதான் பெரிது. ஐந்தாவது, இன்னும் சில வருடம் இந்த வழி இருக்குமா என்பது.

## லைன் ஏன் வேகத்தைக் கட்டிப்போடுகிறது

டெலிஃபோன் வலைப்பின்னல் மனிதக் குரலுக்காகக் கட்டப்பட்டது. பேச்சு புரிய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்று வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டார்கள். எக்ஸ்சேஞ்ச் டிஜிட்டல் ஆனபோது இந்த எல்லை இன்னும் கறாரானது. வீட்டிலிருந்து வரும் ஒலியை எக்ஸ்சேஞ்சின் லைன் கார்டு விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட் எண்ணாக எழுதுகிறது. ஆக, ஒரு ஃபோன் காலுக்கு விநாடிக்கு 64 கிலோபிட். இந்த முறைக்கு ஜி.711 என்று பெயர்; இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் அதன் ஏ-லா வகை, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மியூ-லா வகை.

8 பிட் என்றால் 256 மட்டங்கள்தான். மோடம் அனுப்பும் அலை இரண்டு மட்டங்களுக்கு நடுவே விழுந்தால் பக்கத்து மட்டத்துக்குத் தள்ளப்படும். அப்படித் தள்ளப்படுவது ஒவ்வொன்றும் எதிர்முனை மோடத்துக்கு இரைச்சலாகக் கேட்கும். எவ்வளவு சுத்தமான கம்பி இழுத்தாலும் இந்த இரைச்சல் போகாது, ஏனென்றால் அது கம்பியில் பிறப்பதே இல்லை. சிக்னல் இந்த இரைச்சலைவிடச் சுமார் 35 டெசிபெல் உயர்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கிளாட் ஷானன் 1948-ல் தந்த சூத்திரத்தில் 3,100 ஹெர்ட்ஸ் அகலத்தையும் இந்த 35 டெசிபெலையும் போட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 36 கிலோபிட் வருகிறது. 1994-ல் வந்த வி.34 மோடம் தரம் 28.8 கிலோபிட் தந்தது; 1996-ல் அதைத் திருத்தி 33.6 ஆக்கினார்கள். கணக்கு சொல்லும் எல்லையை ஏறக்குறையத் தொட்டுவிட்ட வேலை அது. மோடம் பொறியியலின் உச்சம் என்று நான் நினைப்பது 56கே-வை அல்ல, இந்த 33.6-ஐத்தான்.

அப்படியானால் 56கே எப்படி வந்தது? 1997-ல் யுஎஸ் ரோபாடிக்ஸின் எக்ஸ்2, ராக்வெல்லும் லூசென்ட்டும் கொண்டுவந்த கே56ஃப்ளெக்ஸ் என்று இரண்டு முறைகள் போட்டி போட்டன, 1998-ல் வி.90 என்ற பொதுத் தரம் அமைந்தது. இவற்றின் அடிப்படை ஒன்றே. இன்டர்நெட் நிறுவனம் தன் பக்கத்தை அனலாக் லைனில் வைக்காமல், எக்ஸ்சேஞ்சோடு நேராக டிஜிட்டல் இணைப்பில் வைத்துக்கொண்டது. அங்கிருந்து கிளம்பும் எண்கள் அப்படியே உங்கள் லைன் கார்டு வரை வந்து, அங்கே ஒரே ஒரு முறை மின்னழுத்தமாக மாறுகின்றன. வழியில் மட்டம் தள்ளும் இரைச்சலே இல்லை. விநாடிக்கு 8,000 எண், ஒவ்வொன்றிலும் நம்பிக்கையாகப் படிக்கக்கூடிய 7 பிட், ஆக 56,000. வீட்டிலிருந்து மேலே போகும் திசையில் மட்டும் பழைய கதைதான், அதனால் வி.90-ல் அப்லோட் 33.6-லேயே நின்றது. அமெரிக்காவில் லைனில் செலுத்தக்கூடிய மின்திறனுக்கு விதிக்கப்பட்ட வரம்பு காரணமாக டவுன்லோடும் 53.3-ஐத் தாண்டியதில்லை.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு ஒன்றை எழுதி மோடத்தின் மேலேயே ஒட்டி வைக்கலாம்: இரண்டு வீட்டு மோடங்கள் ஒன்றையொன்று அழைத்தால், இரண்டிலும் 56கே என்று எழுதியிருந்தாலும், 33.6-க்கு மேல் ஒருபோதும் போகாது.

கணக்குக்குள் வராத இடைஞ்சல்களும் உண்டு. கம்பி நீளமாக இருந்தால் மேல் அலைவரிசைகள் முதலில் தேயும்; சாதாரண கேபிளில் 3,400 ஹெர்ட்ஸில் ஏற்படும் இழப்பு டெசிபெல் கணக்கில் 1,000 ஹெர்ட்ஸில் ஏற்படுவதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரே ஜோடிக் கம்பியில் இரண்டு வீடுகளுக்கு லைன் கொடுக்கும் கருவி நடுவே இருந்தால் அங்கே இன்னொரு முறை எண்ணாக மாறி மீண்டும் அலையாக வரும். 26,400-ல் சிக்கிக்கொள்ளும் மோடங்களுக்குப் பல நேரம் இந்த இரண்டாவது மாற்றம்தான் காரணம். இதில் 32 கிலோபிட்டுக்குச் சுருக்கும் வகையாக இருந்தால் 9.6-ஐத் தாண்டுவதே சிரமம்.

சென்னை ஐஐடியின் டெநெட் குழு அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையில் கோர்டெக்ட் என்ற கம்பியில்லா லோக்கல் லூப்பை (எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவேயான இணைப்பு) உருவாக்கியபோது இந்தச் சிக்கலை முன்கூட்டியே கவனித்திருக்கிறார்கள். அதில் குரல் 32 கிலோபிட்டில் போனது. இன்டர்நெட்டுக்கு மோடமே வேண்டாம் என்று வீட்டுப் பெட்டியிலேயே ஒரு சீரியல் போர்ட் வைத்து 35 அல்லது 70 கிலோபிட்டை நேராகக் கொடுத்தார்கள். மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதிக் கிராமங்களின் இன்டர்நெட் மையங்கள் இப்படித்தான் ஓடின. லைன் குரலுக்கு ஏற்றபடி வளைந்திருக்கும்போது, அதன் வழியே டேட்டாவை ஒலியாக்கித் திணிக்காமல் பக்கத்தில் தனி வழி போட்டது எவ்வளவு நல்ல முடிவு என்று நினைத்துக்கொள்வேன்.

## ஒரே பார்வையில்

| வழி | எதிர்பார்க்கக்கூடிய வேகம் | எல்லை போடுவது | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| காப்பர் லேண்ட்லைன் | 26.4 – 33.6 | லைன் கார்டு, கம்பி நீளம், ஈரம் | மாத வாடகை, கால் கட்டணம், இடி மின்னல் | ஏற்கெனவே லைன் உள்ளவர், தூரத்து மோடத்தை அழைப்பவர் |
| ஃபைபர் பெட்டியின் ஃபோன் துளை | 2.4 நிலையாக, 14.4 வரை முயலலாம் | கோடெக் (ஒலியை எண்ணாக்கும் முறை), பஃபர், கடிகார வித்தியாசம் | பாதியில் அறுந்த அழைப்புகள் | மெதுவான கருவிகள் மட்டும் |
| இரண்டு மோடத்துக்கு நடுவே வெறும் கம்பி | 33.6 | மோடமேதான் | ஏறத்தாழ ஒன்றுமில்லை | விளையாட்டு, ஃபைல் மாற்றம் |
| வீட்டுக்குள் சின்ன எக்ஸ்சேஞ்ச் | 28.8 – 33.6 | ஜி.711 மட்டங்கள் | அமைக்கும் நேரம் | கண்காட்சி, கல்லூரி லேப், ஆர்வலர் |
| டிஜிட்டல் ஆக்சஸ் சர்வர் | டவுன்லோட் 50-க்கு மேல் | மேலே போகும் திசை மட்டும் | மின்சாரம், சத்தம், உதிரிபாகம் | 56கே-வைப் பார்த்தே தீர வேண்டியவர் |
| சீரியல் வைஃபை மோடம் | 115.2 | கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட் | ஒலி கிடைக்காது | எழுத்துத் திரை போதும் என்பவர் |

வேகங்கள் எல்லாம் விநாடிக்குக் கிலோபிட் கணக்கில்.

ஒப்பிடும் முன் ஒரு எச்சரிக்கை. திரையில் 'கனெக்ட் 115200' என்று வந்தால் மயங்காதீர்கள். அது மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உள்ள சீரியல் கேபிளின் வேகம். லைன் வேகத்தைக் காட்டும்படி மோடத்தை அமைத்தால்தான் உண்மை தெரியும். யுஎஸ் ரோபாடிக்ஸ் மோடமாக இருந்தால் அழைப்பு முடிந்ததும் ஏடிஐ11 என்று தட்டிப் பாருங்கள்; எந்த முறையில், எந்த வேகத்தில், எவ்வளவு இரைச்சலோடு பேசியது என்று பட்டியலே வரும். அதைப் பார்க்காமல் ஒரு வழியை நல்லது, கெட்டது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

## காப்பர் லேண்ட்லைன்

இன்னும் செம்புக் கம்பி வீடு வரை வந்து, எக்ஸ்சேஞ்சில் உண்மையான லைன் கார்டில் முடிந்தால், மோடத்துக்கு அதைவிட இயல்பான இடம் கிடையாது. இரண்டு முனைகளும் டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் இருந்து, நடுவே மாற்றம் இல்லாமல் போனால் 31.2 அல்லது 33.6 கிடைக்கும். எக்ஸ்சேஞ்சுகள் ஒரே மூலக் கடிகாரத்தைப் பின்பற்றுவதால் அழைப்பு மணிக்கணக்கில் நிற்கும். இதன் அருமை அடுத்த வழியைப் பார்க்கும்போது புரியும்.

வேகம் குறைந்தால் எக்ஸ்சேஞ்சைக் குறை சொல்லும் முன் வீட்டைப் பாருங்கள். மற்ற எல்லா ஃபோன்களையும் கழற்றிவிட்டு, கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியில் மோடத்தை நேராக மாட்டிச் சோதியுங்கள். அறைக்கு அறை இழுத்த பேரலல் கம்பிகள், துருப்பிடித்த ரோசெட் பெட்டி, மின்கம்பிக்குப் பக்கத்திலேயே போகும் டிராப் வயர் ஆகியவை வேகத்தைப் பிடித்து இழுக்கும். மழைக்காலத்தில் மட்டும் வேகம் குறைந்தால் தெருமுனை டிபி பாக்ஸிலோ கேபிள் ஜாயின்ட்டிலோ ஈரம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ரிசீவரை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி டயல் டோனை நிறுத்திவிட்டு உற்றுக் கேளுங்கள். கரகரப்போ உறுமலோ உங்கள் காதுக்கே கேட்டால் மோடத்துக்கு அது பெரும் தொல்லை. புகார் கொடுக்கும்போது "மோடம் மெதுவாக இருக்கிறது" என்று சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள், "லைனில் சத்தம் வருகிறது" என்று சொல்லுங்கள், லைன்மேன் வருவார். கால் வெயிட்டிங் இருந்தால் நிறுத்திவிடுங்கள், அந்த பீப் ஒலி இணைப்பை அறுத்துவிடும்.

மறைந்திருக்கும் செலவில் முதலிடம் இடி மின்னலுக்கு. வெளியே தொங்கும் கம்பி வழியாக ஏறும் மின்னழுத்தம் மோடத்தையும் அதற்குப் பின்னால் உள்ள மதர்போர்டையும் சேர்த்தே எரிக்கும். பயன்படுத்தாத நேரத்தில் கம்பியைக் கழற்றி வைப்பதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை.

ஆனால் இந்த வழியின் உண்மையான பலவீனம் மறுமுனைதான். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியபோது சென்னையிலும் அழைத்தால் எடுக்க மோடம் வரிசை இருந்தது. இன்று அழைக்க யாருடைய எண் உங்களிடம் இருக்கிறது? அமெரிக்காவில் ஏஓஎல் என்ற இன்டர்நெட் நிறுவனம் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30-ல் நிறுத்திவிட்டது. நண்பர் வீட்டிலும் காப்பர் லைனும் மோடமும் இருந்தால் இந்த வழி அருமை. இல்லாவிட்டால் டயல் டோன் மட்டும்தான் மிஞ்சும். காப்பர் லைன்களை ஃபைபருக்கு மாற்றிக்கொண்டே வருகிறார்கள். பிரிட்டனில் பழைய டெலிஃபோன் வலைப்பின்னலை 2027 ஜனவரிக்குள் மூடுவதாக அறிவித்திருக்கிறார்கள். மோடத்துக்காகவே புதிதாகக் காப்பர் லைன் கேட்டு அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஃபைபர் பெட்டியின் ஃபோன் துளை

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். துளை அதே ஆர்ஜே-11, டயல் டோன் அதே போல வருகிறது, குரல் முன்பைவிடத் தெளிவாகக்கூடக் கேட்கிறது. ஆனால் உள்ளே நடப்பது வேறு. ஒலி அந்தப் பெட்டியிலேயே எண்ணாகி, 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, பாக்கெட்டுகளாகப் போகிறது.

முதல் சிக்கல் கோடெக். ஜி.711 என்றால் வாய்ப்பு உண்டு. ஜி.729 என்றால் கதை அங்கேயே முடிந்தது. அது 8 கிலோபிட்டில் மனிதக் குரலின் வடிவத்தை மட்டும் அனுப்பும் முறை. மோடத்தின் அலை அதற்குக் குரலாகவே தெரியாது. சிம் போட்டு வைக்கும் டெஸ்க் ஃபோன்களுக்கும் இதே நிலைமை.

இரண்டாவது சிக்கல் நுட்பமானது, பலர் கவனிக்காதது. உங்கள் பெட்டிக்குள் ஒரு கிரிஸ்டல் கடிகாரம், மறுமுனையில் இன்னொன்று. இரண்டும் விநாடிக்குச் சரியாக 8,000 முறை அளப்பதாக நினைத்துக்கொண்டிருக்கின்றன. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால் என்ன ஆகும்? விநாடிக்கு 0.4 அளவு பின்தங்கும். 160 அளவுகள் கொண்ட ஒரு பாக்கெட் தீரவோ மிஞ்சவோ 400 விநாடி, அதாவது ஏழு நிமிடத்துக்கும் குறைவு. அந்தக் கணத்தில் பெட்டி ஒரு துண்டை விழுங்கிவிடும் அல்லது இட்டுக்கட்டி ஒன்றைச் சேர்க்கும். பேசிக்கொண்டிருக்கும் மனிதருக்கு அது தெரியவே தெரியாது. 33.6-ல் ஓடும் மோடத்துக்கோ தாளம் முழுக்கத் தவறிவிடும். நின்று, மறுபடி பயிற்சி எடுத்து, குறைந்த வேகத்தில் தொடரும், அல்லது அறுந்துவிடும். சில நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் உறைந்து நின்று பிறகு ஓடுகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கு மேல் எதிரொலியை நீக்கும் எக்கோ கேன்சலர், பேச்சில்லாத நேரத்தை அனுப்பாமல் விடும் சைலன்ஸ் சப்ரஷன் வசதி, பாக்கெட் தாமதத்துக்கு ஏற்ப நீண்டு சுருங்கும் பஃபர் ஆகியவையும் குறுக்கே வரும். அழைப்பை எடுக்கும் மோடம் ஆரம்பத்தில் எழுப்பும் 2,100 ஹெர்ட்ஸ் நீண்ட ஒலியே எக்கோ கேன்சலரை அணைக்கச் சொல்லும் சமிக்ஞைதான். எல்லாப் பெட்டியும் அதை மதிப்பதில்லை. டி.38 இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது ஃபேக்ஸுக்கு மட்டும், டேட்டா மோடத்துக்கு உதவாது.

என்றாலும் இந்த வழியைத் தள்ளிவிடவும் முடியாது. வி.22பிஸ் என்ற 2,400 பிட் முறை இரண்டு திசைகளுக்கும் தனித்தனி அலைவரிசை வைத்துக்கொள்கிறது. அதனால் எதிரொலி அதைப் பெரிதாகப் பாதிக்காது, சின்னத் துண்டு விழுந்தாலும் தாங்கும். வி.32 முதல் மேலே உள்ள எல்லாம் ஒரே அலைவரிசையில் இரண்டு திசையிலும் பேசுபவை, அவைதான் நொறுங்கும். ஆகவே இங்கே செய்ய வேண்டியது வேகத்தை நாமே குறைத்துப் பிடித்து வைப்பது. யுஎஸ் ரோபாடிக்ஸ் மோடத்தில் ஏடி&என்3 என்றால் 2,400-லேயே நிற்கும்; ராக்வெல், கோனெக்சன்ட் சிப் உள்ள மோடங்களில் ஏடி+எம்எஸ் கட்டளை. நாளுக்குச் சில அளவீடுகளை அனுப்பும் கருவிக்கு 2,400 தாராளம். ஆனால் உயிர், உடைமை காக்கும் அலாரத்தை இந்த வழியில் நம்பி விடாதீர்கள். காப்பர் லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஃபைபர் பெட்டிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் போனால் எல்லாம் போச்சு.

## இரண்டு மோடத்துக்கு நடுவே வெறும் கம்பி

இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு மோடம், நடுவே ஒரு ஃபோன் கம்பி. ஒரு பக்கம் ஏடிஎக்ஸ்3 கொடுத்து, டயல் டோனுக்குக் காத்திருக்காமல் அழைக்க ஏடிடி கட்டளை, மறுபக்கம் அழைப்பை எடுக்க ஏடிஏ கட்டளை. பல மோடங்கள் இப்படியே பேசிக்கொள்ளும். லைனில் மின்னோட்டம் இல்லாவிட்டால் அசையாத மோடங்களுக்கு ஒரு 9 வோல்ட் பேட்டரியையும் ஒரு மின்தடையையும் தொடராகச் சேர்க்க வேண்டும். அந்தக் கம்பியை எந்தக் காரணம் கொண்டும் வெளி லைனில் சொருகக் கூடாது.

வழியில் எண்ணாக மாறுவதே இல்லை என்பதால் 33.6 கிடைக்கும், மணிக்கணக்கில் நிற்கும். மணி அடிக்காது, நம்பர் சுழற்ற முடியாது என்பதுதான் குறை. பழைய இருவர் விளையாட்டுகளுக்கும், ஃப்ளாப்பி செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல் எடுக்கவும் இது போதும்.

## வீட்டுக்குள் சின்ன எக்ஸ்சேஞ்ச்

எனக்குப் பிடித்த வழி இது. முழு அனுபவமும் கிடைக்கிறது: டயல் டோன், நம்பர், மணி, பிறகு அந்தக் கீச்சொலி. வெளி லைன் எதுவும் தேவையில்லை, மறுமுனையும் நம்முடையதே.

இதைச் செய்ய இரண்டு விதம். ஒன்று, கடைகளிலும் அலுவலகங்களிலும் கழித்துக்கட்டும் சின்ன இன்டர்காம் இபிஏபிஎக்ஸ் பெட்டி. பழைய அனலாக் வகைகள் இரண்டு எக்ஸ்டென்ஷன்களின் ஒலியை எண்ணாக்காமல் அப்படியே கோத்துவிடும், அதனால் 33.6 எளிது. பழைய பொருள் விற்கும் கடைகளில் தேடுங்கள், சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. வாங்கும் முன் மணி அடிக்கிறதா என்று ஒரு சாதாரண ஃபோனை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, சாதாரண ஃபோனை நெட்வொர்க்கில் இணைக்கும் ஏடிஏ பெட்டி (மேலே சொன்ன கட்டளை அல்ல), இரண்டு ஃபோன் துளை உள்ளது ஒன்றும், ஆஸ்டெரிஸ்க் என்ற எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் ஓடும் ராஸ்பெரி பை என்ற சின்ன கம்ப்யூட்டரும். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி802 போன்றவை இதற்குப் பொருந்தும். மேலே ஃபைபர் பெட்டியில் சொன்ன தொல்லைகள் இங்கேயும் வருமே என்று நினைப்பீர்கள். வராததற்குக் காரணம், அமைப்பு முழுவதும் நம் கையில் இருக்கிறது. கோடெக்கை ஜி.711 மட்டும் என்று வையுங்கள். எக்கோ கேன்சலரையும் சைலன்ஸ் சப்ரஷனையும் அணைத்துவிடுங்கள். பஃபரை மாறாத அளவில் நிறுத்துங்கள், கால் வெயிட்டிங்கை நீக்குங்கள், வைஃபை வேண்டாம், ஈதர்நெட் கேபிள் போடுங்கள். முக்கியமாக, இரண்டு மோடத்தையும் ஒரே பெட்டியின் இரண்டு துளைகளில் மாட்டுங்கள். இரண்டு துளைக்கும் ஒரே கடிகாரம் என்பதால் அந்த ஏழு நிமிடச் சிக்கல் எழவே எழாது. தனித்தனிப் பெட்டி இரண்டு வாங்கிவிட்டு, வேகம் ஏறுகிறது ஆனால் நிற்க மாட்டேன் என்கிறது என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

இரண்டாவது மோடத்தை ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டி மோடம் வழியே இன்டர்நெட்டைக் கொடுக்கும் பிபிபி சர்வர் போட்டுவிட்டால், பழைய விண்டோஸ் 98 கம்ப்யூட்டர் டயல் செய்து உண்மையான இன்டர்நெட்டுக்கே போகும். இன்றைய தளங்கள் பெரும்பாலும் அதன் பழைய பிரவுசரில் திறக்காது. அது லைனின் குறை இல்லை.

செலவு பணத்தைவிட நேரத்தில்தான் அதிகம். மோடம் தேர்விலும் கவனம் வேண்டும். மலிவான இன்டர்னல் மோடங்களில் பாதி வேலையை விண்டோஸ் டிரைவரே செய்யும். டாஸிலோ லினக்ஸிலோ அவை பெரும்பாலும் கல். சீரியல் கேபிளில் மாட்டும் வெளிப்புற மோடம்தான் நல்லது. அதன் அடாப்டர் காணாமல் போயிருந்தால் அவசரப்பட்டு வேறொன்றைச் சொருகாதீர்கள்; பழைய மோடங்கள் பலவும் டிசி அல்ல, ஏசி வெளியீடு தரும் அடாப்டரைக் கேட்பவை.

## டிஜிட்டல் ஆக்சஸ் சர்வர்

உண்மையான 56கே வேண்டும் என்றால் ஒரு முனையாவது டிஜிட்டலாக இருக்க வேண்டும். அதற்கு இன்டர்நெட் நிறுவனங்கள் வைத்திருந்த மாதிரி, பல அழைப்புகளை டிஜிட்டலாகவே எடுக்கும் ஆக்சஸ் சர்வர் வேண்டும்: சிஸ்கோ ஏஎஸ்5300, லிவிங்ஸ்டன் போர்ட்மாஸ்டர் 3 போன்றவை. அதிலிருந்து பல அழைப்புகளை ஒன்றாகச் சுமக்கும் இ1 அல்லது டி1 டிஜிட்டல் கேபிள் ஒரு சின்ன டெலிஃபோன் ஸ்விட்சுக்குப் போக, அந்த ஸ்விட்சின் அனலாக் துளையில் வீட்டு மோடம். இ1-ஐ எடுத்துக்கொள்வதே நல்லது. டி1-ல் சில அமைப்புகள் ஆறு ஃப்ரேமுக்கு ஒருமுறை கடைசி பிட்டை சிக்னலிங்குக்காகத் திருடிக்கொள்ளும், அந்த அளவுக்கு வேகம் குறையும். இ1-ல் சிக்னலிங்குக்குத் தனிச் சேனல் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

முதல் முறை திரையில் 50,666 அல்லது 52,000 வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ரேக்கில் வைக்கும் கருவிகள் இவை. விசிறி இரைச்சல் வீட்டுக்கு ஒத்துவராது, கரண்ட் பில் ஏறும், பவர் சப்ளை போனால் மாற்று கிடைப்பது அரிது. 33.6-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு படம் இறங்க ஆகும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் மிச்சம். கல்லூரித் தொலைத்தொடர்பு லேப், அருங்காட்சியகம் போன்ற இடங்களில் மாணவர்களுக்கு வி.90-ஐக் காட்டிப் பாடம் நடத்த வேண்டும் என்றால் செலவழிக்கலாம். வீட்டுக்கு வேண்டாம்.

## சீரியல் வைஃபை மோடம்

ஈஎஸ்பி8266 சிப்பில் செய்த சின்னப் பலகை. கம்ப்யூட்டருக்கு இது ஒரு மோடம் மாதிரியே தெரியும், ஏடி கட்டளைகளுக்குப் பதில் சொல்லும். ஆனால் நம்பருக்குப் பதில் இன்டர்நெட் முகவரியைக் கொடுத்தால் டெல்நெட் வழியாக இணையும். விலை குறைவு, அமைப்பது எளிது, இன்றும் உயிரோடு இருக்கும் பிபிஎஸ்களுக்கு (அழைத்துச் செய்தி படித்துப் போடும் எழுத்துத் தளங்கள்) போக இதுதான் குறுக்கு வழி. லினக்ஸ் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்தால் டிசிபிசெர் என்ற நிரல் இதே வேலையை இலவசமாகச் செய்யும்.

இங்கே எல்லை போடுவது டெலிஃபோன் லைன் அல்ல, கம்ப்யூட்டரின் சீரியல் சிப். 16450 போன்ற பழைய சிப் இருந்தால் வேகம் கூடும்போது எழுத்துகள் தவறும். 16 பைட் பஃபர் உள்ள 16550ஏ இருந்தால் 115.2 ஓடும். ஒலியும் இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை, லைன் என்ற ஒன்றே இல்லை. மோடம் எப்படி வேலை செய்தது என்று காட்ட நினைப்பவருக்கு இது எதையும் காட்டாது.

## யாருக்கு எது

பிள்ளைகளுக்கோ மாணவர்களுக்கோ டயல்-அப் எப்படி இருந்தது என்று காட்டத்தான் ஆசை என்றால் இரண்டு துளை ஏடிஏ வழி. கைக்கு இன்டர்காம் பெட்டி கிடைத்தால் அது இன்னும் எளிது. இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் மட்டும் பேசிக்கொண்டால் போதும் என்றால் கம்பியும் பேட்டரியும். பிபிஎஸ்தான் குறி என்றால் வைஃபை பலகை, யோசிக்கவே வேண்டாம். காப்பர் லைனை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், அழைக்க ஆள் இருந்தால், அதை விட்டுவிட வேண்டாம்; எக்ஸ்சேஞ்சிலிருந்து ஃபைபருக்கு மாற்றச் சொல்லி அழைப்பு வரும்போது மோடம் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேலை செய்யும் கருவியில் மோடம் மாட்டியிருப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் அவசரம் இருக்கிறது. லைன் ஃபைபருக்கு மாறிய பிறகு முதல் வேலையாக இரண்டு முனையிலும் வேகத்தை 2,400-ல் பிடித்துவைத்து ஒரு வாரம் பாருங்கள். தவறாமல் அழைப்பு போய் வந்தால் இப்போதைக்குப் போதும். தவறினால் கருவியின் சீரியல் போர்ட்டை ஈதர்நெட்டுக்கு மாற்றும் பெட்டி ஒன்றை விசாரியுங்கள்; மோடத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதை மாட்டினால், கருவியின் மென்பொருளை மாற்றாமலேயே பெரும்பாலும் வேலை நடக்கும்.